இரண்டாவது செயற்கைக்கோள்

(ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குறைந்த செலவில் செய்யும் சிறிய விண்கலங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று அறக்கட்டளையினர் கேட்டுக்கொண்டார்கள். ராக்கெட்டைச் சிறியதாக, மலிவாக, ஆயிரக்கணக்கில் செய்து பார்த்த ஊர் ஸ்ரீரங்கப்பட்டணம். அந்த அறிவு கைவிட்டுப் போனதும் இதே ஊரில்தான். இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேசப் போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறிய விண்கலத்தால் நமக்குக் கிடைக்கும் பெரிய லாபம், ஒன்று பழுதானால் காரணத்தைக் கண்டுபிடித்து அடுத்ததைச் செய்ய முடிவதுதான். அந்த அடுத்ததைச் செய்யாவிட்டால், முதல் கலத்தை எவ்வளவு சிக்கனமாகச் செய்திருந்தாலும் பாதிப் பயன் வீண். நம் கல்லூரிகள் பலவும் அந்த இடத்தில்தான் நின்றுபோயிருக்கின்றன.

இந்த ஊரின் ராக்கெட்

இந்த ஊரில் உள்ள தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவர் ஓவியத்தை இங்குள்ள மாணவர்கள் பள்ளிச் சுற்றுலாவிலேயே பார்த்திருப்பீர்கள். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் மைசூர்ப் படையும் ஆங்கிலேயக் கும்பினிப் படையும் மோதிய போர் அது. காயம்பட்ட கும்பினித் தளபதி கர்னல் பெய்லி பல்லக்கில் இருக்கிறார். அவரைச் சுற்றிச் சதுரமாக வளைத்து நிற்கிறது கும்பினிப் படை. நடுவே வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. அதற்குத் தீ வைத்தது மைசூர் ராக்கெட்டுதான் என்று எழுதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு.

அந்த ராக்கெட்டுகளில் இரண்டு லண்டனை அடுத்த வூலிச் பீரங்கிப்படை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டன. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த ரொத்தம் நரசிம்மா 1985-இல் எழுதிய ஆய்வுரையில் அவற்றின் அளவுகளைத் தந்திருக்கிறார். ஒன்றின் இரும்புக் குழல் 58 மில்லிமீட்டர் விட்டம், 254 மில்லிமீட்டர் நீளம். அதை ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான வாளோடு தோல் வாரால் கட்டியிருக்கிறார்கள். இன்னொன்று 37 மில்லிமீட்டர் விட்டம், 198 மில்லிமீட்டர் நீளம், அது 1.9 மீட்டர் மூங்கிலோடு கட்டியது. இரண்டுமே கையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய பொருள்கள்.

ஐரோப்பாவில் அந்தக் காலத்து ராக்கெட் குழல் பெரும்பாலும் அட்டையால் ஆனது. உள்ளே அழுத்தம் கூடினால் அட்டை கிழிந்துவிடும். மைசூர்க் கொல்லர்கள் அடித்து உருட்டிய இரும்பு அந்த அழுத்தத்தைத் தாங்கியது. மருந்தை இறுக்கிக் கெட்டிக்க முடிந்தது. அதனால் ராக்கெட் கூடுதல் தூரம் போனது. 1799 மே 4 அன்று இந்த ஊர்க் கோட்டை கும்பினிப் படையிடம் விழுந்தபோது ஏவத் தயாராக 700 ராக்கெட்டுகளும், மருந்து நிரப்பாத 9,000 வெற்றுக் குழல்களும் கிடைத்தன என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஒரே அச்சில் அடித்தடித்துச் செய்த பட்டறைகள் இங்கே இயங்கின என்பதற்கு அந்த 9,000 குழல்களைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். இங்கிருந்து சில ராக்கெட்டுகள் வூலிச்சுக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் 1804 வாக்கில் ராக்கெட் வேலையைத் தொடங்கினார். மருந்துக் கலவையை மாற்றினார், குழலின் எடையை வரையறுத்தார், கம்பின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துச் சுட்டுப் பார்த்தார், கண்டதை எழுதி அச்சிட்டார். 1807-இல் அவருடைய ராக்கெட்டுகள் கோபன்ஹேகன் மீது பாய்ந்தன. நம் பட்டறைகளின் அளவுக் குறிப்போ சோதனைப் பதிவோ நம் கைக்கு வந்தது மிகச் சொற்பம். கை பழகிய கொல்லர்கள் கலைந்ததும் அந்த வித்தையும் கலைந்தது. இது போர்க்கருவியின் கதை. மனித உயிர்கள் போன கதை. பெருமை பாடுவதற்காக நான் இதை எடுக்கவில்லை. எழுதி வைத்து, திருத்தி, மறுபடி செய்தவர் கைக்கு அறிவு போய்ச் சேர்ந்தது என்பதற்காகவே எடுத்தேன்.

1963-இல் பயிற்சிக்காக அமெரிக்காவின் வாலப்ஸ் தீவுக்குப் போன அப்துல் கலாம், அந்த ஏவுதள வரவேற்புக் கூடத்தில் மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் ராக்கெட் வீரர்களைத் தீட்டிய ஓவியத்தைக் கண்டதை 'அக்னிச் சிறகுகள்' நூலில் பதிவு செய்திருக்கிறார். அதே வாலப்ஸிலிருந்து 2017 ஜூன் 22 அன்று அவர் பெயரைத் தாங்கிய 64 கிராம் 'கலாம்சாட்' சிறு ராக்கெட் ஒன்றில் ஏறி விண்ணைத் தொட்டுத் திரும்பியது. பூமியைச் சுற்றிவராத சில நிமிடப் பயணம்தான். கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக்கும் அவருடைய குழுவினரும் அதைச் செய்தார்கள். அவர்கள் அங்கே நிற்கவில்லை என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

பத்து சென்டிமீட்டர் பெட்டிக்குள்

1999-இல் கலிஃபோர்னியாவில் ஜோர்டி புயிக்-சுவாரி, பாப் ட்விக்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஓர் அளவை வகுத்தார்கள். ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர். எடை ஏறக்குறைய ஒரு கிலோ. இதற்கு 'கியூப்சாட்' என்று பெயர். மாணவர்கள் படிப்பை முடித்துப் போவதற்குள் ஒரு கலத்தைச் செய்து முடிக்க வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். அளவு ஒன்றாகிவிட்டதால் ராக்கெட்டில் அதை வைத்துத் தள்ளிவிடும் பெட்டியும் ஒன்றாகிவிட்டது. செலவு குறைந்ததற்கு முதல் காரணம் அந்தப் பொது அளவு.

அந்தப் பெட்டிக்குள் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று மாணவர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். பூமியருகே ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,361 வாட் வெயில் விழுகிறது. நம் பெட்டியின் ஒரு முகம் 100 சதுர சென்டிமீட்டர். அதில் விழுவது 13.6 வாட். நல்ல சூரியத் தகடுகூட அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மின்சாரமாக்கும். ஆக, நேர் வெயிலில் 4 வாட். 500 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 95 நிமிடம். அதில் 35 நிமிடம் வரை பூமியின் நிழலில் இருட்டு. வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்புக்குப் போதாத மின்சாரத்தில் கணினி ஓட வேண்டும், வானொலி பேச வேண்டும், கேமரா படம் எடுக்க வேண்டும், இருட்டுக்கென்று பேட்டரியும் நிரம்ப வேண்டும்.

அடுத்த கணக்கு நேரம். கலம் ஒரு நாளில் 15 சுற்று வந்தாலும் மைசூர் வானத்தில் தலைகாட்டுவது சில முறைதான். ஒரு முறைக்கு அதிகம் போனால் பத்து நிமிடம். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் பத்து நிமிடம் முழுதும் ஒரு பிழையும் இல்லாமல் வாங்கினால் 720 கிலோபைட். இன்றைய கைபேசிப் படம் ஒன்று அதைவிடப் பெரியது. எந்தப் படத்தைக் கீழே கேட்பது, எதை மேலேயே அழித்துவிடுவது என்று முன்கூட்டியே முடிவெடுத்தாக வேண்டும்.

மொட்டை மாடியில் யாகி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு காத்திருக்கும் மாணவர்களைப் பார்த்தால் இந்தக் கணக்கின் அருமை புரியும். 437 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். கலம் அடிவானத்துக்கு மேல் வரும்போது அதன் ஒலி 10 கிலோஹெர்ட்ஸ் வரை மேலே தள்ளிக் கேட்கும். தலைக்கு மேல் கடந்ததும் கீழே இறங்கும். ஒரு மாணவி வானொலியைத் திருகித் திருகி அந்த மாற்றத்தைப் பிடித்துக்கொண்டே போவாள். பக்கத்தில் இருப்பவன் மோர்ஸ் எழுத்துகளைத் தாளில் குறிப்பான்: பேட்டரி இத்தனை வோல்ட், உள்ளே வெப்பம் இவ்வளவு. டாப்ளர் விளைவைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் கோடிப் பேர். அதைக் கை விரலால் உணர்ந்தவர்களை இந்த வேலைதான் உருவாக்குகிறது.

சிக்கனம் என்றால் மட்டமான பொருளை வாங்குவது என்று யாரும் நினைக்கக் கூடாது. புனே பொறியியல் கல்லூரி மாணவர்கள் செய்த ஒரு கிலோ 'ஸ்வயம்' 2016 ஜூன் 22 அன்று பி.எஸ்.எல்.வி.-சி34-இல் போனது. கலத்தைத் திசைமாறாமல் நிறுத்த மோட்டார் சக்கரங்களுக்குப் பதில் நிலைக்காந்தத்தை வைத்தார்கள். பூமியின் காந்தப்புலமே கலத்தை ஒழுங்குபடுத்தியது. அதற்கென்று மின்சாரம் செலவாகவில்லை. யோசனை செய்து செலவைக் குறைப்பது என்பது இதுதான்.

ஆனால் சோதனையில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஏவப்பட்ட நாளிலிருந்தே குரல் கொடுக்காமல் போன மாணவர் கலங்கள் உலகெங்கும் உண்டு. ஆன்டெனா விரியாதது, வரவைவிட மின்செலவு கூடியது, மென்பொருளைத் தரையில் ஒரு முழு நாள்கூடத் தொடர்ந்து ஓட்டிப் பார்க்காதது என்று காரணங்களும் பெரும்பாலும் இந்த வகைதான். கலத்தை மேசையில் வைத்து, பேட்டரியிலேயே ஓட்டி, வெயிலும் நிழலுமாக நாள்கணக்கில் ஒத்திகை பார்ப்பதற்குப் பெரிய பணம் தேவையில்லை. பொறுமை தேவை.

மறுபடி செய்தவர்கள்

நம் நாட்டு விண்வெளி வரலாறே இரண்டாம் முயற்சிகளின் வரலாறுதான். உடுப்பி மண்ணின் மைந்தர் யு.ஆர்.ராவ் தலைமையில், பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் உருவான 360 கிலோ ஆரியபட்டா 1975 ஏப்ரல் 19 அன்று விண்ணுக்குப் போனது. சில நாள்களிலேயே மின்கோளாறு வந்து அறிவியல் கருவிகள் நின்றுபோயின. அந்தக் குழு கலையவில்லை. 1979-இல் பாஸ்கரா-1, 1981-இல் பாஸ்கரா-2 என்று தொடர்ந்தது. பின்னால் வந்த தொலையுணர்வுக் கோள்களின் வரிசைக்கு அந்த இரண்டும் பயிற்சிக் களம்.

கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3, 1979 ஆகஸ்ட் 10 அன்று கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று 35 கிலோ ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. இடையில் ஓராண்டுகூட இல்லை.

நம் கண்முன்னேயும் அது நடந்தது. சிறிய கோள்களுக்கென்றே இஸ்ரோ செய்த எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் 34 மீட்டர் உயரம், 120 டன் எடை. 500 கிலோவை 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும். 2022 ஆகஸ்ட் 7 அன்று முதல் ஏவுதல். இரண்டாம் கட்டம் பிரிந்தபோது எழுந்த அதிர்வு சிறிது நேரம் உணரிகளின் அளவெல்லையைத் தாண்டியது. உணரிகளே கெட்டுவிட்டதாக உள்ளிருந்த கணினி முடிவு செய்து மாற்று வழிக்குப் போனது. 356 கிலோமீட்டர் வட்டப்பாதைக்குப் பதில், ஒரு முனையில் 76 கிலோமீட்டர் வரை தாழும் நீள்வட்டத்தில் கோள்கள் விடப்பட்டு, காற்றில் உரசி அழிந்தன. என்ன நடந்தது என்பதை இஸ்ரோ வெளிப்படையாக அறிவித்தது. பிரிக்கும் அமைப்பையும் கணினியின் முடிவெடுக்கும் முறையையும் மாற்றி, 2023 பிப்ரவரி 10 அன்று மறுபடி ஏவி வென்றது. ஆறே மாதம். பெரிய ராக்கெட்டாக இருந்தால் இந்த வேகம் எளிதல்ல.

அந்த முதல் ஏவுதலில் அழிந்த கோள்களில் ஒன்று 8 கிலோ 'ஆசாதிசாட்'. கலாம்சாட் செய்த அதே சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு ஒருங்கிணைத்தது. நாடெங்கும் 750 பள்ளி மாணவிகள் அதன் பாகங்களைச் சேர்த்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆறு மாதத்தில் 'ஆசாதிசாட்-2' அடுத்த ராக்கெட்டில் ஏறியது. இந்தியப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்று கிடைத்த பாடத்தை எந்த வகுப்பறையும் தந்திருக்க முடியாது. 64 கிராமில் தொடங்கி, 2019 ஜனவரி 24-இல் பி.எஸ்.எல்.வி.-சி44-இல் போன 'கலாம்சாட் வி2', பிறகு இவை இரண்டு, 2024 ஆகஸ்ட் 16-இல் 'எஸ்.ஆர்.-0' என்று அவர்கள் வரிசையாகச் செய்துகொண்டே வந்திருக்கிறார்கள். நான் சொல்ல வந்த கருத்தை நம் மண்ணில் செய்து காட்டியவர்கள் அவர்கள்.

ஒன்றோடு நின்ற வரிசை

இனி நம் கல்லூரிகள். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உருவான 40 கிலோ 'அனுசாட்' 2009 ஏப்ரல் 20 அன்று ஏவப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோள். கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் சேர்ந்த பொறியியல் கல்லூரிகள் கைகோத்து ஒரு கிலோவுக்கும் குறைவான 'ஸ்டட்சாட்'டை 2010 ஜூலை 12 அன்று அனுப்பின. 2011-இல் 'எஸ்.ஆர்.எம்.சாட்', 2016-இல் சென்னையின் 'சத்யபாமாசாட்', பெங்களூர் பி.இ.எஸ். பல்கலைக்கழகத்தின் 'பைசாட்', 2017-இல் கன்னியாகுமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோ 'நியுசாட்'. ஒவ்வொன்றும் பாராட்டுக்குரியது. இவற்றில் பலவும் ஒன்றோடு நின்றதுதான் என் கவலை.

காரணங்கள் தெரிந்தவைதான். இறுதியாண்டு மாணவர்கள் செய்கிறார்கள், பட்டம் வாங்கிப் போய்விடுகிறார்கள். எந்தப் பலகையில் என்ன தகராறு வந்தது, அதை எப்படிச் சரிசெய்தோம் என்பது அவர்களோடு போய்விடுகிறது. நிர்வாகம் ஒரு முறைக்கு என்று பணம் ஒதுக்குகிறது. ஏவிய அன்று விழா, பத்திரிகையில் படம். அதற்குப் பிறகு ஆய்வகத்துக்குப் பூட்டு. இரண்டு நூற்றாண்டுக்கு முன் இந்த ஊர்ப் பட்டறைகளுக்கு நேர்ந்ததைப் படையெடுப்பு ஒன்றும் இல்லாமலேயே நமக்கு நாமே செய்துகொள்கிறோம்.

இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஸ்வீட்டிங் குழு 1981-இல் ஒரு சிறு கோளை அனுப்பியது. அடுத்ததை ஏறக்குறைய ஆறு மாதத்தில் செய்து 1984-இல் ஏவியது. 1985-இல் அதிலிருந்து ஒரு நிறுவனமே பிறந்தது. அந்த நிறுவனம் செய்த மூன்று பெரிய கோள்களை 2015 ஜூலை 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் பி.எஸ்.எல்.வி. சுமந்து சென்றது. கல்லூரி ஆய்வகம் ஒன்று நிறுத்தாமல் செய்துகொண்டே போனால் எங்கே சேரும் என்பதற்கு அது சாட்சி.

திறந்திருக்கும் வாசல்கள்

இன்று நமக்கு வாசல்கள் முன்பைவிட அகலமாகத் திறந்திருக்கின்றன. பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்டம் முன்பெல்லாம் வேலை முடிந்ததும் குப்பையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இப்போது இஸ்ரோ அதையே 'போயம்' என்ற பெயரில் ஆய்வு மேடையாக்கியிருக்கிறது. 2024 டிசம்பர் 30 அன்று போன போயம்-4-இல் 24 கருவிகள் இருந்தன. அதில் காராமணி விதைகள் முளைத்து இலை விட்டன. தனிக் கலம் செய்ய வசதியில்லாத கல்லூரிகூட ஒரு கருவியை மட்டும் செய்து அந்த மேடையில் சோதிக்கலாம்.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையின் மேல் பறக்காமல் வளைந்து திரும்ப வேண்டும். அந்த வளைவில் எரியும் எரிபொருள் சிறிய ராக்கெட்டுக்குப் பெரிய இழப்பு. குலசேகரப்பட்டினத்திலிருந்து நேர் தெற்கே கடல்தான். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில் வளர்ந்த அக்னிகுல், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த என்ஜினோடு 2024 மே 30 அன்று தன் சோதனை ராக்கெட்டை ஏவியது. அதற்கு முன் பலமுறை ஏவுதலை நிறுத்தி, கோளாறைத் தேடி, மறுபடி வந்து நின்றவர்கள் அவர்கள்.

சிறிய கலம் எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. 2018-இல் நாசா அனுப்பிய 'மார்க்கோ' கலங்கள் இரண்டும் ஒவ்வொன்றும் 13.5 கிலோ. நவம்பர் 26 அன்று இன்சைட் கலம் செவ்வாயில் இறங்கிய நிமிடங்களின் செய்தியை அவைதாம் பூமிக்கு அஞ்சல் செய்தன. சில வாரங்களில் அவை மௌனமாயின; ஆனால் வந்த வேலை முடிந்திருந்தது. பெரிய தொலைநோக்கியையோ கனமான ராடாரையோ இந்தப் பெட்டிகளால் சுமக்க முடியாது. பெரிய கலங்களின் இடம் பெரிய கலங்களுக்குத்தான். இந்த எல்லையை மாணவர்களுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பொறுப்பையும் சொல்ல வேண்டும். என்ஜின் இல்லாத சிறு கலம் 500 கிலோமீட்டரில் இருந்தால் மெல்லிய காற்று அதைச் சில ஆண்டுகளில் இழுத்து எரித்துவிடும். 800 கிலோமீட்டரில் விட்டால் நூற்றாண்டுக் கணக்கில் சுற்றிக்கொண்டு, மற்றவர் கலங்களுக்கு ஆபத்தாக நிற்கும். 2030-க்குள் குப்பை விடாத விண்பயணங்கள் என்று இந்தியா இலக்கு அறிவித்திருக்கிறது. போயம்-3-இன் பாதையைத் தாழ்த்தி 2024 மார்ச் 21 அன்று காற்றில் எரிந்து முடியவைத்தார்கள். மாணவர் கலமும் பிறக்கும்போதே தன் முடிவைத் திட்டத்தில் எழுதிக்கொண்டுதான் பிறக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

இந்த அவையிடம் என் வேண்டுகோள்கள் இவை.

கல்லூரிக் குழுவில் முதலாண்டு முதல் இறுதியாண்டு வரை எல்லா வகுப்பினரும் இருக்க வேண்டும். போகிறவர் கற்றதை வருகிறவருக்குக் கொடுத்துவிட்டுப் போக அதுவே வழி.

ஒவ்வொரு குழுவும் சோதனைப் பதிவேட்டை, பழுதுகளையும் சேர்த்து, யாரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். தமிழிலும் கன்னடத்திலும் அவை இருந்தால் கிராமத்துப் பள்ளி மாணவனுக்கும் எட்டும்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு பள்ளியோ கல்லூரியோ தரைநிலையம் ஒன்றை அமைக்க வேண்டும். சொந்தமாகக் கலம் இருக்க வேண்டியதில்லை. பிறர் கலங்களைக் கேட்டுப் பழகலாம். 'சாட்நாக்ஸ்' என்ற திறந்த வலைப்பின்னலில் உலகெங்கும் தன்னார்வலர்களின் நிலையங்கள் இணைந்திருக்கின்றன. மண்டியாவிலிருந்தும் ஒன்று அதில் சேரட்டும்.

கடைசியாக, பணம். முதல் செயற்கைக்கோளுக்குப் பணம் தர ஆள் கிடைத்துவிடுவார்கள். பெயர் வரும், விழா நடக்கும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் தர ஆளில்லை. முதல் கரையாமல் வட்டி ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும் அறக்கட்டளை முறை இதற்கென்றே அமைந்ததைப் போல் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவை நிறுத்தாமல் நடத்தக் கற்றிருக்கும், இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கு அந்த முறையின் பலம் நன்றாகத் தெரியும். விண்கலத்துக்கென்று அறக்கட்டளை வைக்க எண்ணும் அன்பர்கள் பத்திரத்தில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டுகிறேன்: இந்தப் பணம் முதல் கலத்துக்கு அல்ல, அது வென்றாலும் தோற்றாலும் அடுத்ததற்கு என்று. அப்படி ஒரு வரி இருந்தால், தோற்றுப்போன மாணவர்கள் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டுப் போக மாட்டார்கள். காரணத்தைத் தேடி உட்காருவார்கள்.